ஓட்டிப் பார்த்து வாங்கியது

சமையல்கட்டை இடித்து இன்றோடு ஒன்பது நாள்.
கேஸ் அடுப்பு பீரோவுக்குப் பக்கத்தில்,
புளி ஜாடி டிவிக்குக் கீழே.
எதைத் தாளித்தாலும் தலையணை மணக்கிறது.

மேடையை மேற்குச் சுவருக்கு மாற்றச் சொன்னேன்.
சவரிராஜ் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்:
"அக்னி மூலைய விட்டுட்டுப் போறீங்க.
எனக்கு இதுல நம்பிக்கையில்ல சார்.
ஆனா நாளைக்கு ஒண்ணுன்னா என்னத்தான் சொல்லுவீங்க."
கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்
என் மனைவி தூங்குகிறாள் என்று
ஒரு கொத்தனாரிடம் எப்படிச் சொல்வது?

நீலாயதாட்சிக்கு இரவு டூட்டி,
கும்பகோணம் பெரியாஸ்பத்திரி, பிரசவ வார்டு.
காலை எட்டரைக்கு வந்து படுப்பாள்.
எனக்கு நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதும் வேலை,
குறுவைக்குக் கொஞ்சம், சம்பாவுக்குக் கொஞ்சம்.
மற்ற மாதங்களில் வீட்டுக்கு நான்தான் அடுப்பு.
பதினோரு வருடமாக
மிக்ஸிக்கு நெல்சாக்கைப் போர்த்தி
மூச்சைப் பிடித்துக்கொண்டு அரைப்பவன்.

மடத்துத் தெருவில் மூன்று மாடிக் கடை.
பையனின் சட்டையில் பாசில் என்று எழுதியிருந்தது.
"மேடம், இந்த ஃப்ரிட்ஜ்ல கீரை ஒரு வாரம் வாடாது.
மேடம், மீன் வறுக்கறப்ப இந்தச் சிம்னி..."
விசிறிக்குக் கீழே ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தான்,
அது போய் ஒட்டிக்கொண்டது.
மேடம் என்னைப் பார்த்தாள்.
கெண்டைக்குப் புகை கம்மி, தெறிக்கத்தான் செய்யும் என்றேன்.
அவன் மேடத்திடமே திரும்பினான்:
"சார் நல்லா சாப்பிடுவார் போல."

ஃப்ரிட்ஜ் முடிந்தது. சிம்னி வேண்டாம்,
அந்தக் காசுக்கு ஜன்னலைப் பெரிதாக்கலாம்.
பிறகு மிக்ஸி.
எழுநூற்றைம்பது வாட்ஸ். ஆயிரம் வாட்ஸ்.
விரலி மஞ்சளே பொடியாகும், ஐந்து வருட வாரண்டி.
"சத்தம் எப்படி?"
"நல்லா கேக்கும் சார்," என்றான் பெருமையாக,
"பவர் அப்படி."

நெல்லின் ஈரத்துக்கு எங்களிடம் மீட்டர் உண்டு,
பதினேழைத் தாண்டினால் மூட்டை திரும்பிவிடும்.
இதற்குக் காதுதான்.
ஒவ்வொன்றாய் ஓட்டச் சொல்லிக்
கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.
ஒன்று நெல் தூற்றும் மெஷின்.
ஒன்று குளவி.
ஏழாவதோ எட்டாவதோ,
ஓடுகிறதா என்று பாசிலே தொட்டுப் பார்த்தான்.
விலை இரண்டு மடங்கு.
இதைப் போடு என்றேன்.

"யாருக்கு இவ்ளோ விலைல?"
"நீ தூங்க வேணாமா?"

பக்கத்திலிருந்த குக்கர் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்:
"ஒரே மூச்சா ஓடுனா தேங்காய்ச் சட்னி.
விட்டு விட்டு ஓடுனா வெங்காயம் தக்காளி.
நின்னுட்டு மறுபடி ஒரு சுத்து ஓடுனா
நீ உப்பு மறந்துட்டேன்னு அர்த்தம்.
அதைக் கேட்டப்புறம்தான் எனக்குக் கண்ணே சொக்கும்.
சாக்கு எதுக்குன்னுதான் புரியல.
சூட்டுக்கோன்னு நெனச்சேன்."

பாசில் பில் புத்தகத்தோடு நின்றான்.
எதை எழுதுவது என்று கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் நாங்களும் சொல்லவில்லை.

குளவியை எடுத்தோம்.

ஃப்ரிட்ஜ் டெம்போவில் போனது.
மிக்ஸிப் பெட்டி என் மடியில்,
அதற்கும் லக்கேஜ் கேட்டார் கண்டக்டர்.
தாராசுரம் தாண்டுவதற்குள்
நீலா பெட்டிமேல் தலையை வைத்துவிட்டாள்.
மேற்குச் சுவரில் பாதி மேடை எழும்பியாயிற்று,
சவரிராஜிடம் நாளைக்கு என்ன சொல்ல?
ஏர் ஹாரன், சில்லறைச் சண்டை,
முன்சீட்டில் வீறிடும் ஒரு பிள்ளை,
ஸ்பீக்கரில் ஏதோ குத்துப் பாட்டு.
அவள் எதற்கும் அசையவில்லை.

பாபநாசம், பாபநாசம் என்று விசில் அடித்தார்.
நான் ஐம்பது ரூபாயை நீட்டி
அய்யம்பேட்டைக்கு இரண்டு கேட்டேன்.
"நீங்க இங்கதானே சார் எறங்கணும்?"

சத்தம் போடாதீங்க, என்றேன்.